முட்டிக்குள் ஓர் அருளையா

போன மாதம் என் முழங்காலைப் படம் பிடித்தார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் சேர்ந்து, மலாக்காவில் உள்ளவர் எலும்பையெல்லாம் படம் பிடித்தே தலை நரைத்துப் பென்ஷன் வாங்கியவன் நான். என்னையே மேசையில் படுக்கவைத்து, "அங்கிள், ஆடாம இருக்கணும், சரியா?" என்று மீசை முளைக்காத ஒருவன் பாடம் எடுத்தான். காலம் அப்படி. வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

இப்போதெல்லாம் படம் டெலிவிஷன் மாதிரி ஒரு பெட்டியில் உடனே வந்து நிற்கிறது. மருந்துத் தண்ணீரில் முக்கவும் வேண்டாம், கொடியில் காயப்போடவும் வேண்டாம். பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் ஒருத்தி, புக்கிட் காதிலிலிருந்து வருகிறவள், படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், முட்டி இப்படித் தேஞ்சி கெடக்கே, வலிக்கலையா?"

"மழை நாள்ல கொஞ்சம் முனகும். மத்தபடி காஜா பேராங்லேர்ந்து நடந்துபோய்தான் பஸ் ஏறி வந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்: "படத்துல தெரியறது எலும்பு அங்கிள். வலியைச் சொல்றது நரம்பு. முட்டி தேய்ஞ்சி உள்ள வீங்கிச்சின்னா அந்த நரம்பு நுனியெல்லாம் மாறிப்போவும். லேசா தொட்டாலே அலறும். அதுவரைக்கும் பேசாம கெடந்த நரம்புகூடப் பேச ஆரம்பிச்சிடும். சிலருக்குப் புதுசா கிளைவிட்டு, முன்ன இல்லாத எடத்துலகூட போய் நுழையும். முதுகுத்தண்டும் அதுக்கு ஒத்து ஊதும். சிலருக்கு எலும்பு நொறுங்கினாலும் நரம்பு கம்முனு இருக்கும். நீங்க அந்த ரகம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"உன்னைப் பார்த்து இல்லம்மா. எங்க மிஸ்டர் அருளையாவை நெனச்சேன்."

அது யாரென்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், அவளைப் பார்க்க அடுத்த ஆள் வந்துவிட்டார். பாதியில் நிறுத்தியது எனக்கே தொண்டையில் முள் மாதிரி இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்று ஒரே பேச்சாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் சிலர் அப்போதே பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். அப்பா முனிசிபல் ரோடு வேலை. நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்துத் தட்டுத்தடுமாறி வெளியே வந்தவன். ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எக்ஸ்ரே ரூமுக்கு ஒரு கையாள் வேண்டும் என்றார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மிஸ்டர் அருளையா செய்வதைப் பார்க்க வேண்டும், அவர் திட்டுவதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மிஸ்டர் அருளையா யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் திருநீறு, வெயிலோ மழையோ கையில் குடை. படம் பிடிப்பதில் அவருக்கு இணை இல்லை. முழங்கால் என்றால் அதன் கீழே படத்தட்டை வைத்து, இருபுறமும் மணல் மூட்டை போட்டு, இடமா வலமா என்று ஈய எழுத்தை ஓரத்தில் நேராக நிறுத்துவார். கோணல் என்றால் எடுத்துவிட்டு மறுபடி நிறுத்துவார். கடைசியில், "மூச்சை அடக்கும்!" என்பார். நெஞ்சுப் படத்துக்கு மூச்சை அடக்க வேண்டும், சரி. இவர் சுண்டுவிரல் படத்துக்கும் மூச்சை அடக்கச் சொல்வார். விரலைக் கதவில் நசுக்கிக்கொண்டு வந்த சீனத் தவ்கே, கடை முதலாளி ஒருவர், முகம் செக்கச்செவேலென்று ஆகிற வரைக்கும் அடக்கி வைத்திருந்தார். "விடலாம்" என்று சொல்ல இவர் மறந்துவிட்டார்.

பிறகு இருட்டறை. மங்கலான சிவப்பு விளக்கில் படத்தைச் சட்டத்தில் மாட்டி மருந்துத் தொட்டியில் இறக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு மருந்து சூடேறிப் படத்தின் மேல்பூச்சு வழண்டு வந்துவிடும். அதனால் தொட்டியைச் சுற்றி ஐஸ் போடுவோம். ஐஸ் வாங்குவது பாசாரில் மீன் விற்கிறவனிடம். ஆகவே எங்கள் படங்களில் லேசாக மீன் வாடை அடிக்கும். எலும்பு டாக்டர், உயரமான வெள்ளைக்காரர், நாங்கள் நெட்டை டாக்டர் என்போம், படத்தை வெளிச்சத்தில் பிடிக்குமுன் ஒரு தடவை மோந்து பார்ப்பார். "இது முழங்காலா, கெளுத்தியா?" என்று இங்கிலீஷில் கேட்பார். மிஸ்டர் அருளையா மட்டும் சிரிக்க மாட்டார்.

அவர் சிரிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சேருவதற்கு முன்னால், பெரிய இடத்து அம்மா ஒருவரின் நெஞ்சுப் படம் தொட்டியில் இருந்தபோது, வார்டிலிருந்து யாரோ கத்தரிக்கோல் கேட்டுக்கொண்டு இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிச்சம் பட்டுப் படம் கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டது. அருளையாவை நிற்கவைத்துப் பெரியவர்கள் கிழி கிழி என்று கிழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாராவது அந்தக் கதவைத் தொட்டால், "கதவு!" என்று ஒரு கத்தல். அது நியாயம். கொஞ்ச நாளில் கதவுப் பக்கம் நடந்தாலே கத்தினார். அப்புறம் எந்தக் கதவின் கீல் கிரீச்சிட்டாலும் கத்தினார். வீட்டில் அலமாரிக் கதவுக்கும் கத்துவதாக அவர் மனைவி சொல்லி அழுதாராம். ஒரு சாவு வீட்டில், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அம்மா அசதியில் கதவில் சாய்ந்ததும் இவர் "கதவு!" என்றார். ஒப்பாரி நின்றுபோய், கொஞ்ச நேரம் யாருக்கும் எப்படி மறுபடி தொடங்குவது என்று தெரியவில்லை.

இப்படிப்பட்டவரின் ரூமுக்குத்தான் ஒரே நாள் காலையில் இரண்டு சுப்ரமணியங்கள் வந்தார்கள். இரண்டு பேரும் காஜா பேராங். இரண்டு பேருக்கும் இடது முழங்கால்.

முதலாமவர் தவில் சுப்ரமணியம். எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலிலும் கல்யாணங்களிலும் அவர் தவில் அடித்தால் தெருவே வந்து நிற்கும். அவருக்கு ஒரு வருஷமாக முட்டி வலி. சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. உட்காராமல் கல்யாண மேடையில் தவில் ஏது? நாதஸ்வரக்காரருக்கும் இவருக்கும் முன்பு ஒரு மனஸ்தாபம். அதனால் "அவரோட உக்காரப் பிடிக்காம நடிக்கிறான்" என்று ஊர் பேசியது. அவர் பெண்டாட்டியே அப்படித்தான் சொன்னாள். திருவிழாவுக்குள் உட்காரவில்லை என்றால் நிரந்தரமாக வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது.

இரண்டாமவர் சுப்ரமணியம் பிள்ளை, எல்லாருக்கும் மணியம் பிள்ளை. காஜா பேராங்கிலேயே, பழைய மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்போங்கைச் சேர்ந்தவர். பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் என்று அவர் மகள் இழுத்து வந்திருந்தாள். "தா சாக்கிட் லா, வலியே இல்லை" என்று அவர் மலாயில் சொல்லிக்கொண்டே, மேசையில் ஏறிப் படுக்கும்போது ஜோகெட் ஆட்டப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்.

படங்களைக் கழுவிக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். தவில்காரர் முட்டியில் ஓரமாகக் கொஞ்சம் தேய்மானம். அவ்வளவுதான். மணியம் பிள்ளை முட்டியோ இடிந்த வீடு. எலும்போடு எலும்பு உட்கார்ந்து, ஓரமெல்லாம் முள் முள்ளாக வளர்ந்து கிடந்தது.

தவில்காரர் தன் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். காட்டினேன். "வலி எங்க தம்பி இருக்கு?" என்று தேடினார். "வலி படத்துல தெரியாதுண்ணே" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தார். அதை விட்டு அவர் கண் அசையவில்லை.

"இது யாரோடது?"

"செட்டி கம்போங் ஆளு."

"தம்பி, கோவிச்சிக்காத. அந்தப் படத்த எனக்குக் குடுத்துருலா. என் பொண்டாட்டிகிட்ட காட்டணும். கமிட்டிக்காரனுங்ககிட்ட காட்டணும். அந்தாளுக்குத்தான் வலியே இல்லங்கிறாரே, அவருக்கு எதுக்கு இவ்ளோ நல்ல படம்?"

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஆசை அவர் மனசில் ஒட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நெட்டை டாக்டரின் அறை. நான் மொழிபெயர்க்க நின்றேன். டாக்டர் படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டினார். வலியில் துடிக்கிறவனுக்கு நல்ல முட்டி, பாட்டுப் பாடுகிறவனுக்குக் கெட்ட முட்டி. ஒரே பெயர், ஒரே நாள், ஒரே பக்கம். "படம் மாறிவிட்டது" என்றார். "என்ட அறையிலே மாறாது, சேர்" என்றார் அருளையா, குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. டாக்டர் நேரே தவில்காரரைக் கேட்டார். கெட்ட படத்தைத் தொட்டு, "இது உன்னுடையதா?" நான் தமிழில் சொல்வதற்குள் மனிதர் முந்திக்கொண்டார்.

"யெஸ் டாக்டர். யெஸ், யெஸ்."

நான் "அண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வருஷமாக யாரும் நம்பாத வலியை ஒரு வெள்ளைக்கார டாக்டர் நம்பிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது. டாக்டர் என்னிடம் திரும்பி, இந்த முட்டிக்கு வேறு வழியில்லை, இரண்டு எலும்பையும் ஒட்டவைத்துவிடுகிறேன், வலி போய்விடும், நான் ஊருக்குக் கப்பல் ஏறுமுன் செய்துவிடலாம், அடுத்த வாரம் வார்டில் வந்து படுக்கச் சொல் என்றார்.

வெளியே வராந்தாவில் தவில்காரரிடம் விளக்கினேன்.

"ஒட்டவைக்கிறதுன்னா?"

"கால் நீட்டினபடியே நிக்கும். அப்புறம் மடக்கவே முடியாது."

"சம்மணம்?"

"பலகை சம்மணம் போடுமாண்ணே?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வலது கை விரல்கள் பெஞ்சைத் தட்டத் தொடங்கி, நின்றுவிட்டன.  இருவரும் உள்ளே ஓடி, அந்தப் படம் அவருடையது இல்லை என்ற உண்மையைச் சொன்னோம். டாக்டர் தவில்காரர் தோளைத் தட்டி, ஆபரேஷன் என்றால் எல்லாரும் இப்படித்தான் பயப்படுவார்கள், தைரியமாக இருக்கச் சொல் என்றார். மறுபடி படம் எடுத்துக் காட்டலாம் என்றால், அன்று மத்தியானம் பார்த்து மெஷினின் குழாய் புகைந்து போய்விட்டது. புதுக் குழாய் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது.

மிஸ்டர் அருளையா அன்று சாப்பிடப் போகவில்லை. தவில்காரர் காலைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர் ரூமில் படம் மாறியது என்று ஒரு டாக்டர் நினைக்கிறார். அது அவரைத் தின்றது.

"தம்பி, அந்தச் செட்டி மனுசனைக் கூட்டிக்கொண்டு வாரும். துரை கையாலே அந்த முட்டியைத் தொட்டுப் பார்க்கட்டும். அது சத்தம் போடும்."

போனேன். மணியம் பிள்ளை வர மறுத்துவிட்டார். வலி இல்லாதவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்றார். மேலும் அந்தச் சனிக்கிழமை கம்போங்கில் கல்யாணம், அவர் ஆடாமல் கல்யாணம் நடக்காது. வந்து சொன்னேன். அருளையா நேராக டாக்டர் அறைக்குப் போனார். என்ன சொன்னாரோ தெரியாது. வெளியே வந்து, "ஐசே, துரை கலியாணத்துக்கு வாறார்" என்றார்.

அப்படித்தான் நெட்டை டாக்டர் செட்டி கம்போங்குக்கு வந்தார். வாசல் தோரணத்துக்குக் குனிந்து, பந்தல் கம்புக்குக் குனிந்து, கடைசிவரை குனிந்தே இருந்தார். வயலினும் ரெபானாப் பறையும் கோங் மணியும் முழங்க நடுவில் மணியம் பிள்ளை, சரோங்கும் கோட்டுமாக ஆடிக்கொண்டிருந்தார். ஆடுவதென்றால் சும்மா ஆட்டம் இல்லை, முட்டியை மடக்கி, இறங்கி, எழுந்து, திரும்பி ஆடினார். பாட்டு நின்றதும் டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கி நீட்டினார். கரக், கரக் என்று எனக்கே கேட்டது. பக்கத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"வலிக்கிறதா?" என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

"தா சாக்கிட்" என்றார் மணியம் பிள்ளை.

அருளையா குடையை ஊன்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்தார். "என்ட அறையிலே மாறாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் மாறவில்லை என்றால், தவில்காரர் நடிக்கிறார் என்றாகிவிடுமே. கிணற்றிலிருந்து தூக்கி ஆற்றில் போட்டோமா என்று நினைத்தேன். டாக்டர் முகம் மாறியது. "அப்படியானால் அந்த ஆள் பொய்யன்" என்றார் மெல்ல.

தவில்காரரும் அந்தக் கல்யாணத்தில்தான் இருந்தார். தாலி கட்டுக்கு வேறொருவன் தன் இடத்தில் உட்கார்ந்து தவில் அடித்ததைப் பார்க்க முடியாமல், பந்தலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்தது அவருக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டினேன். அவர் அங்கிருந்தே பார்த்தார். ஓர் அம்மா தாம்பாளத்தோடு போனாள். அவள் பட்டுச் சேலையின் முந்தானை தவில்காரர் முட்டியை லேசாக உரசியது. மனிதர் ஸ்டூலோடு துள்ளினார். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை விரல் நுனியால் முட்டியை விட்டுத் தூக்கிப் பிடித்தார். தன் வேட்டியே அவருக்குத் தாங்கவில்லை. காற்று அடித்தது. கையைக் குவித்து முட்டிக்கு மறைப்பு வைத்தார்.

 டாக்டர், சண்டைக் காலத்தில் காயம் ஆறிப்போன சிப்பாய்கள் இப்படிக் காற்றுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குச் சொன்னார். "யாரும் பார்க்காதபோது ஒருத்தன் எதற்கு நடிக்கணும்? திங்கட்கிழமை கூட்டி வா."

திங்கட்கிழமை எங்கள் ரூமில்தான் பார்த்தார். மெஷின் செத்துக் கிடந்ததால் மேசை காலியாக இருந்தது. டாக்டர் ஒரு பஞ்சை நூல்போலத் திரித்து, தொடையிலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். "எங்க வலிக்குதோ அங்க சொல்லச் சொல்" என்றார். முட்டிக்கு நாலு விரல் மேலேயே "ஸ்ஸ்" என்றார் தவில்காரர். அங்கே பென்சிலால் புள்ளி. கீழிருந்து மேலே வந்தார். கெண்டைக்காலிலேயே "ஸ்ஸ்". அங்கேயும் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் முட்டியைவிடப் பெரிய ஒரு வட்டம் வந்தது. கண்ணைக் கட்டிவிட்டும் செய்தார். அதே வட்டம் வந்தது.

பிறகு முட்டியைச் சுற்றி மரத்துப்போகிற ஊசி போட்டார். கொஞ்ச நேரம் போனது. தவில்காரர் முட்டியைத் தொட்டார். தட்டினார். மெதுவாக மேசையை விட்டு இறங்கி, தரையில், எங்கள் எல்லாருக்கும் முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.  அவர் கண்ணில் தண்ணீர். எட்டி எங்கள் ஐஸ் வாளியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். மீன் வாடை அடித்த அந்தத் தகர வாளியில் அவர் வாசித்த வாசிப்பு இருக்கிறதே, வார்டிலிருந்து ஆட்கள் கட்டுப்போட்ட காலோடு வந்து வராந்தாவில் குவிந்துவிட்டார்கள். என்ன கலவரம் என்று பார்க்க வந்த பெரிய மிஸ்ஸி, எங்கள் தலைமை நர்ஸ், படாரென்று கதவைத் திறந்தார்.

"கதவு!" என்று அருளையா அலறினார்.

தொட்டியில் படம் இல்லை. மெஷினும் ஓடவில்லை. மத்தியான வெயில் ரூம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு இந்தக் கத்தல்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். கரிப்படத்தின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, ஒரு விரலால் அருளையாவைக் காட்டி, இன்னொரு விரலால் முட்டியைக் காட்டினார். இதேதான், இதைத் தவில்காரனுக்குச் சொல் என்றார். முட்டியில் தேய்மானம் கொஞ்சம்தான். ஆனால் அங்கே வீக்கம் வந்தபோது நரம்பு ஓயாமல் சேதி சொல்லிச் சொல்லி, இப்போது சின்னத் தொடுதலுக்கும் பெரிய சேதி சொல்லப் பழகிவிட்டது. அது பொய் சொல்லவில்லை, அதன் காது கூர்மையாகிவிட்டது. ஏன் சிலருக்கு இப்படி ஆகிறது, மணியம் பிள்ளைக்கு ஏன் ஆகவில்லை என்பது தனக்கும் தெரியாது என்றார்.

இத்தனையையும் எப்படித் தமிழில் சொல்வது? தவில்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, உங்க முட்டிக்குள்ள ஒரு அருளையா உக்காந்திருக்கார். ஒரு தடவ நெஜமாவே கெட்டது நடந்திச்சி. இப்ப காத்து அடிச்சாலும் கதவுன்னு கத்துறார்."

தவில்காரர் வாளியில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். பெரிய மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியும். அவரும் திரும்பிக்கொண்டார். அருளையாவுக்கும் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலத்துக்குள் ஊசி தெளிந்து வலி திரும்பி வந்துவிட்டது. ஆனால் எலும்பை ஒட்டுகிற பேச்சு ஒழிந்தது. கதவை உடைத்து எடுத்துவிட்டால் கத்தல் நிற்கும், அதுக்கப்புறம் வீட்டுக்குக் கதவே இருக்காது என்றார் டாக்டர். அதற்குப் பதில் தினமும் கதவை மெதுவாகத் திறந்து மூடணும். முட்டியைப் பஞ்சால் தடவணும். அது பழகியதும் பட்டுத்துணி, பிறகு துண்டு, கடைசியில் தேங்காய் நார். வெந்நீர் ஒத்தடம். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து காலை மடக்கி, வாரம் போகப் போகத் தாழ்வான பலகைக்கு இறங்கணும். வலி கத்தினால் நின்று, அதட்டாமல், மறுநாள் மறுபடி தொடங்கணும். எப்போதாவது ஓர் ஊசி. உத்தரவாதம் ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார்.

சிங்கப்பூரிலிருந்து குழாய் வந்து மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் அருளையா என்னோடு பேசவில்லை. வேலையெல்லாம் விரல் சாடைதான். நோயாளியை மூச்சை அடக்கச் சொல்வதற்குக்கூட எனக்குச் சாடைதான். ஒரு நாள் படங்களைக் கொடியில் மாட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப எனக்கு என்ன மருந்தெண்டு அந்த ஆள் சொன்னவரோ?"

"உங்களுக்கும் அதேதான் ஐயா."

"பஞ்சோ?"

"இல்ல ஐயா. கதவு."

தொட்டியில் படம் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஐயா, திறக்கப்போறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இருட்டறைக் கதவை ஒரு விரல் அளவு திறப்பேன். அவர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். உதடு குவியும். சில நாள் "க" வரைக்கும் வந்துவிடும். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். மூடிவிடுவேன். மறுநாள் இரண்டு விரல் அளவு.

காஜா பேராங்கில் கதை வேறு மாதிரி போனது. தவில்காரர் பெண்டாட்டிக்கு வாளிக் கச்சேரியின் சேதி எட்டியது. அவள் ஆஸ்பத்திரிக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டு, "நடிக்கிறாருன்னு நானே சொன்னேன் தம்பி, என் வாயில நெருப்ப வைக்க" என்று அழுதாள். அன்றிலிருந்து பஞ்சு அவள் கையில். தடவுவதற்கு முன்னால், "அருளையா சார், நாந்தான், பயப்படாதீங்க" என்பாளாம். தெரு முழுக்க இது பரவி, அந்த முட்டிக்கே அதுதான் பெயர் என்றாகிவிட்டது. ஒரு காலை நிஜ அருளையா பாசாரில் ஐஸுக்கு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள்: "நேத்து அருளையா எப்படி? தூங்க விட்டாரா?" "எங்க, விடிய விடிய ஒரே முனகல். வெந்நீர் ஊத்தினதும்தான் அடங்குனாரு." அவர் ஐஸ் வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

மணியம் பிள்ளைக்கு ஒரு சோதனை வந்தது. யாரோ அவருடைய படத்தை அவருக்கே காட்டிவிட்டார்கள். பார்த்த நாளிலிருந்து மனிதர் நொண்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த கல்யாணத்தில் கோங் முழங்கியதும் நொண்ட மறந்துபோய், பிறகு அது அப்படியே விட்டுப்போயிற்று.

ஆகஸ்டில் மெர்டேக்கா வந்து கொடி மாறியது. அந்த வருஷத் திருவிழாவுக்குத் தவில்காரரால் தாழ்ந்த ஸ்டூல்வரைதான் இறங்க முடிந்திருந்தது. கமிட்டியிடம் போய் நின்று, இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று கேட்டோம். கேட்டது நானும் அவர் பெண்டாட்டியும் மட்டும் இல்லை. மிஸ்டர் அருளையாவும் குடையோடு வந்து, "அவன் நடிக்கேல்லை, அந்த வருத்தம் எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் கமிட்டி என்ன பேசும்? ஆனால் இதுதான் கடைசி என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மறு வருஷத் திருவிழாவில் முன்வரிசையில் எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள். பெரிய மிஸ்ஸி, நான், எனக்குப் பக்கத்தில் அருளையா. நாதஸ்வரக்காரர் முதலில் வந்து உட்கார்ந்தார். தவில்காரர் வந்தார். மடித்த துண்டு ஒன்றைக் கீழே போட்டார். ஒரு கையை ஊன்றி இறங்கினார். பாதியில் நின்றார். நாதஸ்வரக்காரர், அந்த மனஸ்தாபக்காரர், கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு இடது காலை மடக்கி, வலது காலை மடக்கி, உட்கார்ந்துவிட்டார். அவர் பெண்டாட்டி தூணுக்குப் பின்னால் நின்று முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களில் கூடு மாட்டினார். கோலை எடுத்தார்.

வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். காற்று கிளம்பியது. மடப்பள்ளிக் கதவு படாரென்று அடித்தது. ஒரு தடவை இல்லை, மறுபடியும் மறுபடியும். முன்வரிசை முழுவதும் அருளையாவைத் திரும்பிப் பார்த்தது. தவில்காரர் கண்ணும் வாசிப்போடு வாசிப்பாக இங்கே ஒரு தடவை வந்து போனது. அருளையாவின் தோள் உயர்ந்தது. வாய் திறந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக விட்டார். என் காதருகே குனிந்தார்.

"தம்பி, போய் அந்தக் கதவைச் சாத்திப்போட்டு வாரும். மெல்லமாச் சாத்தும். அவன் வாசிக்கட்டும்."